எண்ணெய்க்குப் பிந்தைய காலத்துக்கு ஒரு தெருவைத் தயார்படுத்துவது எப்படி?

நீங்கள் கேட்டது இது. பெட்ரோல், டீசல், கேஸ் எல்லாம் கிடைக்காமல் போகும் காலத்துக்கு மடிப்பாக்கத்தில் உங்கள் பகுதியைத் தயார்படுத்த ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினீர்கள். முதல் வாரத்திலேயே 180 பேர் சேர்ந்தார்கள். நான்கு மாதம் கழித்து இப்போது அதில் வருவது காலை வணக்கப் படங்களும் எண்ணெய் விலைச் செய்திகளும்தான். நேரில் கூடலாம் என்று கூப்பிட்டால் ஆறு பேர் வருகிறார்கள். இவர்களை எப்படி ஒன்று சேர்ப்பது, உண்மையிலேயே எண்ணெய் தீர்ந்துவிடுமா, நான் வீணாகப் பயமுறுத்துகிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் என் காதில் விழுவது ஒன்றுதான்: எப்போது வரும் என்றே தெரியாத ஒரு கஷ்டத்துக்காக, இன்றைய பாட்டைப் பார்க்கவே நேரம் இல்லாத மனிதர்களை எப்படி வேலை செய்ய வைப்பது?

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் ஒரு எரிபொருள் கிடங்கில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பலில் வரும் கச்சா எண்ணெய் குழாய் வழியாக மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் போய், பெட்ரோலாகவும் டீசலாகவும் பிரிந்து, எங்களைப் போன்ற கிடங்குகளின் தொட்டிகளுக்கு வந்து, அங்கிருந்து டேங்கர் லாரியில் பங்க்குக்குப் போகும். அந்தத் தொட்டிகளில் டிப் எடுப்பதுதான் என் முதல் வேலை. விடியற்காலையில் தொட்டியின் மேல் ஏறி, நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் டேப்பைத் துவாரத்தின் வழியே அடிவரை இறக்க வேண்டும். அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க, குண்டில் ஒரு பசையைத் தடவுவோம். தண்ணீர் பட்டால் அது நிறம் மாறும். டேப்பை மேலே இழுத்து, எண்ணெயின் ஈரம் எந்த மில்லிமீட்டரில் முடிகிறது என்று பார்த்து, அட்டவணையில் ஒப்பிட்டால் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை அன்றாட லோடால் வகுத்தால் வருவது நாள் கணக்கு, மாதக் கணக்கு இல்லை. அந்த ஈரக்கோட்டைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் என்பதால், நீங்கள் வீணாகப் பயமுறுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் நீங்கள் பிரித்துச் சொல்ல வேண்டும். உறுதியானது இது: இந்தியா எரிக்கும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சமையல் கேஸிலும் பாதிக்கு மேல் இறக்குமதிதான். அந்தக் கேஸில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து, ஹார்முஸ் ஜலசந்தி என்ற குறுகலான கடல்வழியாக வருகிறது. அவசரத்துக்கென்று விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து அமைத்த சேமிப்பின் கொள்ளளவு 53.3 லட்சம் டன். நாட்டின் தேவைக்கு அது ஒன்பது, ஒன்பதரை நாள் தாங்கும். நிறுவனங்களின் தொட்டிகளிலும் குழாய்களிலும் இருப்பதைச் சேர்த்தால் இன்னும் சில வாரங்கள். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது சில மாதங்களில் விலை நான்கு மடங்கானது. 2009 ஜனவரியில் எண்ணெய் நிறுவன அதிகாரிகள் நாடு முழுவதும் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்றே நாள்தான், பல நகரங்களில் பங்க்குகள் வறண்டன. எங்கள் கிடங்கு வாசலில் காலி லாரிகள் வரிசையாக நின்றதை நான் பார்த்தேன். அன்றைக்கு உலகத்தில் எண்ணெய் ஒரு சொட்டுகூடக் குறைந்திருக்கவில்லை.

இனி ஊகம். எண்ணெய் இந்த வருடம் தீரும், அந்த வருடம் தீரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஹப்பர்ட் என்ற அமெரிக்கப் புவியியல் அறிஞர், தம் நாட்டின் எண்ணெய் உற்பத்தி 1970 வாக்கில் உச்சத்தைத் தொட்டு இறங்கும் என்று 1956இல் கணித்தார். அப்படியே நடந்தது. ஆனால் பிறகு பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை வந்து, 2018இல் அமெரிக்கா அந்தப் பழைய உச்சத்தையே தாண்டிவிட்டது. அவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டவர் சொன்னதே அறுபது வருடத்தில் இப்படித் திரும்பியது. தொட்டி காலியாவது மாதிரி எண்ணெய் தீராது. எடுக்கும் செலவு ஏறும், விலை துள்ளும், போர் வந்தால் நிற்கும், திரும்ப வரும். இன்னொரு பக்கம் மின்சார வண்டிகள் பெருகி, எண்ணெய் இருக்கும்போதே அதன் தேவை குறையவும் கூடும். இதில் எது முந்தும் என்று சொல்ல என் அனுபவம் போதாது. ஆனால் எது முந்தினாலும் ஒரு தெரு செய்ய வேண்டிய வேலை ஒன்றேதான். அதனால்தான் உங்கள் குழுவின் பேச்சிலிருந்து தேதியை எடுத்துவிடுங்கள் என்கிறேன். 'எண்ணெய் தீரப்போகிறது' என்று கூப்பிட்டால், நம்புகிறவர்கள் பயந்து போகிறார்கள், நம்பாதவர்கள் வாதத்துக்கு வருகிறார்கள். இரண்டு பேருமே மண்வெட்டி எடுப்பதில்லை.

சென்னைக்காரர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. எண்ணெய் இல்லாத ஒரு வாரம் எப்படி இருக்கும் என்று நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2019 கோடையில் ஏரிகள் நான்கும் வறண்டது, 2020 ஊரடங்கு, 2023 டிசம்பர் மிக்ஜாம். ஒவ்வொரு முறையும் கரன்ட் போனது, அல்லது லாரி வரவில்லை, அல்லது பாலும் காய்கறியும் வரவில்லை. எல்லாமே ஒத்திகை மாதிரி. நீங்கள் மடிப்பாக்கத்தில் இருக்கிறீர்கள்; உங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் தேங்கிய தெருவை நினைவூட்ட வேண்டிய அவசியமே இல்லை. 'அடுத்த டிசம்பருக்கு என்ன செய்வது' என்று கேளுங்கள், அறுபது பேர் வருவார்கள்.

எங்கள் பக்கம் எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். நான் இருப்பது கொளத்தூரில். இங்கே வண்ண மீன் வளர்ப்பு வீட்டுத் தொழில். மொட்டை மாடியிலும் பின்கட்டிலும் தொட்டி தொட்டியாக வைத்திருப்பார்கள். வர்தா அடித்த ராத்திரி கரன்ட் போய், தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டார்கள் நின்றுவிட்டன. நெருக்கமாக வளர்க்கும் மீன்களுக்குக் காற்று நின்றால் சில மணி நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து மூடத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் அம்மா வாசலில் நின்று, "அண்ணா, ஒரு கை கொடுங்கண்ணா" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கணவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாகக் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு, கை உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஊற்றினால் காற்று கலக்கும். நாங்களும் குவளையை எடுத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறினோம். அடுத்த நாள் ஒருவர் தன் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வந்தார், இன்னொருவர் பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப்பை எங்கிருந்தோ பிடித்து வந்தார். எங்கள் தெருவுக்குக் கரன்ட் வர நான்கு நாள் ஆனது. பாதிக்கு மேல் மீன்கள் பிழைத்தன. அதற்கு முன் 12 வருடம் அந்தத் தெருவில் இருந்தும் எனக்குப் பெயர் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். அந்த நான்கு நாளில் யார் எந்த வேலைக்குக் கை வைப்பார், யாரிடம் என்ன சாமான் இருக்கிறது, யார் ராத்திரி எழுப்பினாலும் கோபப்படாமல் வருவார் என்று தெரிந்துவிட்டது. இன்று எங்கள் குழு என்று இருப்பது அந்தக் குவளை பிடித்தவர்கள்தான். வாட்ஸ்அப் குழு அதற்குப் பிறகு வந்தது.

அதனால் உங்கள் 180 பேரை அப்படியே விட்டுவிட்டு, உங்கள் வீட்டிலிருந்து நடந்து ஐந்து நிமிடத்துக்குள் இருக்கும் வீடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது, எழுபது வீடு போதும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, உங்களுடன் வந்த அந்த ஆறு பேரை இரண்டு இரண்டு பேராக அனுப்புங்கள். கேட்க வேண்டியது கொள்கை இல்லை. உங்கள் வீட்டில் எது எது பெட்ரோலில், டீசலில், கேஸில் நடக்கிறது? அது ஒரு வாரம் நின்றால் முதலில் என்ன நிற்கும்? இவ்வளவுதான். பதில்களைக் கேட்டால் நீங்களே அசந்துபோவீர்கள். எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் முன்பு கரிப்பெட்டி வைத்திருந்தார். இப்போது கேஸில் சூடாகும் பெட்டி. ஆக, அவர் பிழைப்பும் சிலிண்டரில் மாட்டியிருக்கிறது. மீன்கார அம்மா காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றி வருகிறார். அடுக்குமாடியில் நான்காவது மாடியில் தனியாக இருக்கும் பெரியவருக்கு லிஃப்ட் நின்றால் கீழே வரவே முடியாது. ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கும்வரைதான் அவருக்கு வெளியுலகம். நான் கணக்குக்காக ஒன்று சொல்வதுண்டு. ஒரு லிட்டர் டீசல் ஒரு பம்ப்செட்டில் செய்யும் வேலையை ஒரு ஆள் கையால் செய்வதென்றால் ஐந்தாறு நாள் ஆகும். அந்த ஐந்தாறு நாள் உழைப்பை நாம் சுமார் நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம். அது நின்றால் யார் முதுகில் ஏறும் என்பது அந்த நோட்டில் தெரியும். வசதி உள்ளவர்கள் கொஞ்ச நாள் விலை கொடுத்துச் சமாளிப்பார்கள். வாட்ச்மேன், வீட்டு வேலை செய்யும் அம்மா, ஆட்டோ ஓட்டுபவர் ஆகியோர்தான் முதல் நாளே அடிபடுகிறவர்கள். அவர்கள் குழுவில் இல்லாவிட்டால் அது குடியிருப்போர் சங்கம். நீங்கள் தேடும் குழு இல்லை.

முதல் வேலையாக நான் தண்ணீரைச் சொல்வேன். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சென்னைக்கு வீராணத்திலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தாண்டி வரும் தண்ணீரும், நெம்மேலியில் கடலிலிருந்து பிரிக்கும் தண்ணீரும் மின்சாரம் இல்லாமல் நகராது. லாரித் தண்ணீர் டீசலில் வருகிறது. சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்ற மோட்டார் வேண்டும். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்த நகரம் இது. ஆகவே உங்கள் ஐந்து நிமிட வட்டத்தில் எத்தனை திறந்த கிணறு இருக்கிறது, எத்தனையை மூடிவிட்டார்கள், அடிபம்பு எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். தெருவில் இருக்கும் அந்த இந்தியா மார்க் 2 அடிபம்பு 1970களில் நம் நாட்டிலேயே உருவானது. எளிய இயந்திரம்; பெரும்பாலும் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது கைப்பிடிச் சங்கிலி துரு ஏறியிருக்கும். அது பொதுச்சொத்து என்பதால் நீங்களே பிரிக்காதீர்கள். குடிநீர் வாரியத்தில் புகார் எழுதி, அது சரியாகும்வரை மாற்றி மாற்றி ஆள் போய்க் கேளுங்கள். வர்தாவுக்குப் பிறகு எங்கள் தெருவில் மோட்டார் எதுவும் ஓடாத நாள்களில், மூன்று தெருவுக்குச் சேர்த்து ஒரே ஒரு அடிபம்புதான் தண்ணீர் கொடுத்தது. அப்புறம் மழைநீர் சேகரிப்பு. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். குழாய் எல்லா வீட்டிலும் இருக்கிறது. குழியில் மணலும் ஜல்லியும் அடைத்துப் போயிருக்கிறது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வீடு போய் அந்தக் குழியைத் தூர்வாருங்கள். அரை நாளில் பத்து வீடு முடியும். பேச்சில் சேராதவர்கள் சேற்றில் சேர்வார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அடுப்பு. பலர் இன்டக்ஷன் வாங்கிவிட்டால் கேஸ் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கேஸ் அடுப்பில் ஐந்தில் இரண்டு பங்கு பாத்திரத்தைச் சுற்றி வெளியே போய்விடும். இன்டக்ஷனில் அவ்வளவு வீணாகாது. அந்தக் கணக்கில் ஒரு சிலிண்டர் சமையலுக்கு 110 முதல் 130 யூனிட் கரன்ட் பிடிக்கும். எல்லா வீடும் ஒரே நேரத்தில் அதற்கு மாறினால் உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்பது வேறு கேள்வி. எனவே ஒன்றை விட்டு ஒன்றுக்கு ஓடாமல் இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் சரி. ஆனால் ஒரே சிலிண்டர் உள்ள வீடும், ஐந்து கிலோ சின்ன சிலிண்டரை நிரப்பி ஓட்டும் வடமாநிலத் தொழிலாளியும் என்ன செய்வார்கள்? இதற்குத் தெரு அளவில் ஒரே நல்ல பதில் சேர்ந்து சமைப்பது. ஐம்பது பேருக்கு ஒரே அண்டாவில் சாம்பார் சாதம் செய்ய ஆகும் எரிபொருள், பதினைந்து வீட்டில் தனித்தனியாகச் செய்வதைவிட மிகவும் குறைவு. 2015இல் சென்னை முழுக்க இதைத்தான் செய்தார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமல். அண்டா யாரிடம், பெரிய பர்னர் யாரிடம், இடம் கோயில் மண்டபமா பள்ளிவாசலா மாதா கோயில் வளாகமா என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் போதும். வருடத்தில் ஒரு முறை, ஆடியிலோ பொங்கலிலோ, அந்த அண்டாவை வைத்து உண்மையாகவே சமைத்துச் சாப்பிடுங்கள். அதுதான் சரியான ஒத்திகை.

சோலார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னை வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். சுமார் நூறு சதுர அடி மாடி வேண்டும். 2024இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். போடலாம், நல்லதுதான். ஆனால் விற்க வருபவர்கள் தாங்களாகச் சொல்லாத ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மானியத்தில் போடும் சாதாரண சோலார், மின்வாரியக் கம்பியில் கரன்ட் இருந்தால்தான் வேலை செய்யும். தெருவில் கரன்ட் போனால், நல்ல வெயிலில்கூட இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள், அது சரிதான். பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருந்தால் மட்டும் புயல் நாளிலும் விளக்கு எரியும். அது விலை அதிகம், எல்லோராலும் முடியாது. தெருவுக்கு ஒரு வீட்டில், அல்லது ஒரு கோயிலில் இருந்தால் போதும். போன் சார்ஜ் போட, ஒரு மருந்துப் பெட்டியைக் குளிராக வைக்க, மீன் தொட்டிக்குக் காற்று ஊத அது போதுமானது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் யார் யார் என்று உங்கள் நோட்டில் இருக்கிறதா? முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் அடக்கமாகத்தான் பேச வேண்டும். எண்ணெய் எனக்குத் தெரியும், மண் தெரியாது. மாடித் தோட்டத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டுவிட முடியும் என்று சொல்பவர்களை நான் நம்பவில்லை. கீரை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு முருங்கை, இவ்வளவுதான் எங்களால் உருப்படியாக எடுக்க முடிந்தது. 1991இல் சோவியத் யூனியன் உடைந்து எண்ணெய் வரத்து சரிந்தபோது கியூபாக்காரர்கள் ஹவானா நகரத்துக்குள்ளேயே காய்கறித் தோட்டங்கள் போட்டார்கள், சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் சைக்கிள் வாங்கினார்கள். அதைப் பெரிதாக எழுதுவார்கள். ஆனால் அப்போதும் பிறகும் அந்த நாடு தன் உணவில் பெரும்பகுதியை இறக்குமதிதான் செய்தது; மக்கள் இளைத்துப் போனார்கள். அந்த உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2020 மே 5 அன்று கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறக்கும்வரை காய்கறி விலை எகிறியது நினைவிருக்கும். வெங்காயம் நாசிக்கிலிருந்து, தக்காளி ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும், கேரட் ஊட்டியிலிருந்து, எல்லாம் டீசல் லாரியில் ஒரே வாசலுக்கு வருகின்றன. யூரியாகூட இயற்கை எரிவாயுவிலிருந்து செய்வதுதான். எனவே தெருவால் முடிவது பயிர் செய்வதைவிட, திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் உள்ள இரண்டு மூன்று விவசாயக் குடும்பங்களோடு நேரடி உறவு வைத்துக்கொள்வது. மாதம் ஒரு முறை முப்பது வீட்டுக்கு அரிசியும் காயும் அவர்களிடம் வாங்குங்கள். விலை குறைவாக இருக்கும் என்று சொல்லிச் சேர்க்காதீர்கள். பல மாதம் அப்படி இருக்காது. கஷ்ட காலத்தில் அந்த விவசாயி யாருக்கு முதலில் போன் செய்வார் என்பதுதான் லாபம்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு தெருவால் முடிவது குறைவு. 1895இலேயே மதராஸில் மின்சார டிராம் ஓடியது, 1953இல் நிறுத்திவிட்டார்கள். கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் 1931இல் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாயில் ஆந்திரத்திலிருந்து விறகும் நெல்லும் உப்பும் படகில் வந்து இறங்கின. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுவில் பஸ் ஓட்டினார்கள். எண்ணெய் இல்லாமல் ஓடத் தெரிந்த நகரம்தான் இது. 2025இல் வியாசர்பாடியிலிருந்து மின்சாரப் பேருந்துகளும் வந்தன. உங்கள் குழு செய்ய முடிந்தது, பஸ் உங்கள் பகுதிக்கு எந்த நேரத்தில் வரவில்லை என்று ஒரு மாதம் குறித்து மனுவாகக் கொடுப்பது. அப்புறம், பழைய சைக்கிள்களைத் திரும்ப ஓட வைப்பது. எங்கள் பகுதியில் சைக்கிள் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர் மட்டுமே மிச்சம் இருந்தார். இரண்டு பையன்களை அவரிடம் பஞ்சர் ஒட்டவும் வீல் பெண்டு எடுக்கவும் கற்றுக்கொள்ள அனுப்பினோம்.

இனி ஆட்களை ஒட்டவைக்கும் விஷயம். உங்கள் கேள்வியின் நடு இதுதான். இங்கிலாந்தில் டாட்னஸ் என்ற சின்ன ஊரில் 2006இல் இதே நோக்கத்தோடு ஒரு இயக்கம் தொடங்கி, உலகெங்கும் பரவியது. அவர்கள் தங்களுக்கென்று ஒரு உள்ளூர்ப் பண நோட்டுகூட அச்சிட்டார்கள். 2019இல் அதை நிறுத்திவிட்டார்கள். நல்ல மனிதர்கள், படிக்க வேண்டிய அனுபவம். ஆனால் நமக்கு மாதிரி நம் ஊரிலேயே இருக்கிறது. திருவல்லிக்கேணியில் 1904இல் சேர்ந்து வாங்கிச் சேர்ந்து விற்கத் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் நூறு வருடம் தாண்டி நிற்கிறது. அங்கே போனவர்கள் கொள்கைக்காகத் தினமும் போகவில்லை, அரிசிக்கும் பருப்புக்கும் போனார்கள். 1989இல் நிர்மல் என்பவர் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற அமைப்பு, தெருத் தெருவாகக் குப்பை வண்டிக்கு ஆள் போட்டு, வீட்டுக்கு வீடு மாதம் சிறு தொகை வசூலித்து நடத்தியது. எங்கள் தெருவிலும் இருந்தது. அது ஓடிய காலத்தில் அதன் உயிர் ஒவ்வொரு முதல் தேதியும் கதவைத் தட்டிய ஒரு பெண்மணியின் கையில் இருந்தது. அவர் வீடு மாறிப் போனதும் எங்கள் தெருவில் அது படுத்துவிட்டது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் போதாது. வசூல் சிறியதாக இருந்தாலும் கணக்கைக் காகிதத்தில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும் சுவரில் ஒட்ட வேண்டும். மாதத்துக்கு ஒரு வேலை, அதுவும் அன்றே முடிகிற வேலையாக இருக்க வேண்டும்.

நான் செய்த தவறையும் சொல்கிறேன். ஓய்வு பெற்ற புதிதில், தெரிந்ததையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற வேகத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் ஒன்றரை மணி நேரம் கச்சா எண்ணெய் வரைபடங்களைப் போட்டுக் காட்டினேன். எண்பது பேர் வந்தார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பதினொரு பேர். பிறகு ஒரு அம்மா சொன்னார், "சார், நீங்க பேசினதுக்கப்புறம் எனக்கு ராத்திரி தூக்கம் வரல, ஆனா காலையில என்ன செய்யணும்னு தெரியல." அந்த வரியை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும், கலைவதற்கு முன்னால் ஒவ்வொருவர் கையிலும் அந்த வாரத்துக்கான ஒரு வேலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். அரசியலும் பார்க்கிங் சண்டையும் குழுவுக்குள் வரும், வந்தே தீரும். அதற்கு விதி போட்டுப் பயன் இல்லை. தூர்வாரும் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், மற்றவை தானாக ஓரத்துக்குப் போகும்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று. உங்கள் குழுவில் ஒருவர், ஆளுக்கு இருபது லிட்டர் பெட்ரோல் கேனில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லியிருப்பதாகவும், சிலர் அதற்குக் கட்டைவிரல் போட்டிருப்பதாகவும் சொன்னீர்கள். மற்ற எதிலும் நான் தயங்கலாம், இதில் தயக்கமே இல்லை: வேண்டாம். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து, கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கு, படிக்கட்டுக்குக் கீழே, மீட்டர் பெட்டி வரைக்கும் போகும். கேன் இருக்கும் இடத்தில் நெருப்பே இல்லாமல் இருக்கலாம். இருபது அடி தள்ளி ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும் ஒரு சின்னப் பொறி போதும். தண்ணீர் கேன், எண்ணெய் கேன் மாதிரியான சாதாரண பிளாஸ்டிக்கில் அது மெல்ல இளகி ஒழுகவும் செய்யும். கிடங்கில் நாங்கள் செல்போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனவர்கள். பொறி வராத கருவியால்தான் மூடியைத் திறப்போம். அதை ஒரு அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் செய்ய முடியாது. இன்று மாலையே அந்தச் செய்திக்குக் கீழே இதை எழுதிவிடுங்கள். யாராவது ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், பகலில், வெட்டவெளியில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வண்டி டேங்கிலேயே ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். காலியான கேனை மூடாமல் வெளியிலேயே இரண்டு மூன்று நாள் காய விடட்டும். தண்ணீர் பிடிக்க மட்டும் அதை எடுத்துவிடக் கூடாது.